அடுக்களை ஆணியில் ஒரு கார் சாவி

கண்ணு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்த பிறகு கார் சும்மாதானே நிற்கிறது, அதை மலைக்கு அனுப்பி வையுங்கள் என்று எழுதியிருக்கிறாய். கார் சும்மா நிற்கவில்லை, நான் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் அனுப்புகிறேன். என் மருமகள் வசந்தாவுக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. சக்குபள்ளத்தில் உங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் இப்போது ஒரு வண்டி நிற்பதுதான் நியாயம். நம் டிராக்டர் ஓட்டுகிற ரங்கசாமி வருகிற வெள்ளிக்கிழமை கிளம்பி, பழனி, வத்தலக்குண்டு, தேனி வழியாகக் கொண்டுவந்து விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்புவான். அவனுக்கு ஒரு வேளை நல்ல சாப்பாடு போட்டு அனுப்பு. இத்தோடு கடிதத்தை முடித்திருப்பேன். நீ கடைசியில் எழுதியிருந்த ஒரு வரி என்னை முடிக்க விடவில்லை. "சாவி இரண்டையும் என் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள், கண்டவர்கள் எடுத்து ஓட்டினால் வண்டி வீணாகிவிடும்" என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அப்பாவுக்கு அந்த வரியை இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றதற்கு உனக்குத் தெரியாத காரணம் ஒன்று இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ ஆபீஸ் ஜீப்பை ஓட்டிப் பழகியவன், இந்த அம்பாசடரின் குணம் உனக்குத் தெரியாது.

காலையில் உங்கள் ஊர்க் குளிரில் இது ஒரே இழுப்பில் கிளம்பாது. சாவியைத் திருப்பி, குளிரில் பெட்ரோலைக் கூட்டிவிடுகிற சோக் குமிழை முழுக்க இழுத்துவிட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை இழு. பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டுக் கொஞ்சம் பொறு. விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் பேட்டரி செத்துப்போகும். இன்ஜின் பிடித்து, சத்தம் சீரானதும் சோக்கை உள்ளே தள்ளிவிட வேண்டும். தள்ள மறந்தால் வண்டி தண்ணீர் குடிப்பதுபோலப் பெட்ரோல் குடிக்கும், பிளக் எல்லாம் கரி பிடிக்கும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உன் அப்பா கார் வாங்கிய புதிதில் ஒரு வருஷம் முழுக்கக் கறுப்புப் புகையோடுதான் ஊரைச் சுற்றினார். பொள்ளாச்சி மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் பிளக்கைத் துடைத்துப் போட்டுத் தருவார், ஊர் வந்து சேர்வதற்குள் மறுபடியும் புகையும். கடைசியில் ஒருநாள் அந்த மெக்கானிக் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தார். உன் அப்பா ஏறியதும் சோக் குமிழைக் கொஞ்சம் வெளியே இழுத்து, அதில் தன் மஞ்சள் பையை மாட்டினார். "ஏனுங்க, இது எதுக்குங்க?" என்று மெக்கானிக் கேட்டதற்கு, "பை மாட்டறதுக்குங்க, இழுத்து உட்டாத்தான் நல்லா நிக்குது" என்று பதில் சொன்னார். கம்பெனிக்காரன் விவசாயிக்காக யோசித்து வைத்த ஆணி என்றே அவர் நினைத்திருந்தார். இப்போது சொன்னாலும் அவருக்குக் கோபம் வரும், அதனால் இதை நீ அவரிடம் கேட்காதே.

பேட்டரி இறங்கிப்போனால் டிக்கியில் ஹேண்டில் இருக்கிறது. முன்னால் ஓட்டையில் விட்டுச் சுற்றிக் கிளப்பலாம். சுற்றுவதற்கு முன்னால் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று கியர்த்தண்டை ஆட்டிப் பார்த்துக்கொள். அதைவிட முக்கியம், கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள். சாதாரணமாகப் பிடிக்கிற மாதிரி கட்டைவிரலைச் சுற்றி வளைத்துப் பிடித்தால், இன்ஜின் திருப்பி உதைக்கும்போது விரல் போய்விடும். அப்பாவின் வலது கட்டைவிரல் ஏன் மடங்குவதில்லை என்று சின்ன வயதில் கேட்பாய், மாடு முட்டியது என்று அவர் சொல்வார். மாடு முட்டவில்லை.

கிளட்ச் மேலே காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிற பழக்கம் உனக்கு உண்டு, அதை விடு. கிளட்சுக்கு இடது பக்கத்தில் தரையில் ஒரு குமிழ் இருக்கும். அதை இடது காலால் ஒரு மிதி மிதித்தால் விளக்கு தாழும், இன்னொரு மிதியில் உயரும். நீ முதலில் சூரியநெல்லியில் வேலை பார்த்தபோது நாங்கள் வந்திருந்தோமே, அன்றைக்கு மூடுபனியில் அப்பா விளக்கை உயர்த்தி வைத்தே ஓட்டினார். வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி எங்கள் கண்ணிலேயே அடித்தது. விளக்கைத் தாழ்த்தினால்தான் ரோடு தெரியும். பனியிலும் மழையிலும் நின்ற வண்டி காலையில் மக்கர் செய்தால் பேட்டரியைத் திட்டாதே. பானட்டைத் திறந்து, டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே வெளியே காய்ந்த துணியால் துடைத்துப் போடு. பழைய வேட்டித் துணி கொஞ்சம் கிழித்து டாஷ்போர்டு அறையில் வைத்திருக்கிறேன். அதை எடுத்து ஷூ துடைக்காதே.

இன்னொன்று. போன வருஷம் என்னை ஆபீஸ் ஜீப்பில் கம்பத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தபோது, இறக்கத்தில் நீ நியூட்ரலில் போட்டு இன்ஜினை அணைத்துவிட்டாய். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் தூங்குகிறேன் என்று நினைத்தாய். எனக்கு இன்ஜின் சத்தம் நின்றது கேட்டது, பிரேக் கருகிய வாசனையும் வந்தது. பெட்ரோல் விற்கிற விலைக்கு எல்லோரும் அப்படித்தான் இறங்குகிறார்கள் என்று நீ சொல்வாய். எல்லோரும் செய்யட்டும். எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது பாதி இன்ஜின், மீதிதான் பிரேக். அந்த ஊர்ப் பள்ளத்தில் பிரேக் சூடாகிக் கைவிட்டால் மிச்சம் பிடித்த பெட்ரோலை யார் ஊற்றி எரிப்பது என்று நான் இங்கே எழுத மாட்டேன், நீயே நினைத்துக்கொள்.

உங்கள் வாசல் சரிவு. கீழேதான் தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் விளையாடுகிற இடம். கைப்பிரேக்கை மட்டும் நம்பி வண்டியை விட்டுவிட்டுப் போகாதே. கைப்பிரேக்குக்குள் இருப்பது ஒரு கம்பிதான், நாளாக நாளாகத் தளரும். மேலே பார்த்து நிறுத்தினால் முதல் கியர், கீழே பார்த்து நிறுத்தினால் ரிவர்ஸ். முன் சக்கரத்தை மேட்டுப் பக்கம் ஒடித்து வை. பிறகு ஒரு கல். நம் பக்கத்து ஆட்கள் மாட்டு வண்டிப் பழக்கத்தில் கல்லை முதலில் தேடுவார்கள், பிரேக் கடைசியில்தான் ஞாபகத்துக்கு வரும். கல் வைப்பது தப்பில்லை, அது மட்டும் போதும் என்று நினைப்பதுதான் தப்பு. கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போ. வளைவில் நடு ரோட்டில் கல்லை விட்டுப் போகிறவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது.

ரேடியேட்டரில் தினமும் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது தண்ணீர் பார். சூட்டில் மூடியைத் திறந்து முகத்தை வேகவைத்துக்கொள்ளாதே. பேட்டரிக்கு வாரத்துக்கு ஒரு தடவை டிஸ்டில்டு வாட்டர் பார். அதன் முனைகளில் வெள்ளை பூத்தால் வெந்நீர் விட்டுக் கழுவி வாசலின் தடவு.

இனிப் பூட்டு. நான்கு கதவையும் பூட்டினாயா என்று பார்ப்பதோடு, முன்கதவில் இருக்கிற சின்ன முக்கோணக் கண்ணாடியின் கொக்கி விழுந்திருக்கிறதா என்றும் பார். காற்றுக்காகத் திறந்துவிட்டு மறந்துபோவது அதைத்தான். அதன் வழியே ஒரு கை உள்ளே போனால் கதவு திறந்துகொள்ளும். உறவுக்காரர்கள் வீட்டு வாசலில் காரைப் பூட்டக் கூடாது என்று நம் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது, உனக்கே தெரியும். பூட்டினால், "ஏனுங்க, எங்க ஊட்டுல களவாணியா இருக்கறாங்க?" என்று கேட்டுவிடுவார்கள், அப்புறம் பத்து வருஷத்துக்கு அதைச் சொல்லிக் காட்டுவார்கள். உன் சின்ன அத்தை கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு நம் கார்தான். சம்பந்தி வீட்டு வாசலில் நிறுத்திய அப்பா, மரியாதைக்காக நான்கு கதவையும் திறந்தே விட்டுவிட்டு, சாவியையும் அதிலேயே விட்டுவிட்டு விருந்துக்கு உட்கார்ந்தார். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் உள்ளே ஏறி, விளக்கைப் போட்டு, ஹாரன் அடித்து, ஸ்டார்ட்டரை இழுத்து விளையாடியிருக்கிறார்கள். நீயும் அதில் இருந்தாய், இல்லை என்று சொல்லாதே. மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தபோது பேட்டரியில் ஒன்றும் இல்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சம்பந்திமார் பத்துப் பேர் காரைத் தள்ள, மேளக்காரர் அதற்குத் தகுந்த மாதிரி வாசித்துக்கொண்டே பின்னால் போனார். அந்த மாப்பிள்ளை, உன் மாமா, இன்றைக்கும் நம் வீட்டுக்கு வந்தால் முதலில் பேட்டரி சௌக்கியமா என்றுதான் கேட்பார்.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு உன் அப்பா நேர் எதிராக மாறிவிட்டார். சொந்த வீட்டுக் கொட்டகையில் நிற்கும்போதும் காரைப் பூட்டினார். இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து, நெல்லுக் குதிருச் சாவியோடு சேர்த்து இடுப்பில் செருகிக்கொண்டார். குளிக்கும்போதுகூட அது கிணற்று மேட்டில் அவர் கண் முன்னால் இருக்கும். காரை எடுத்துக்கொண்டு போகாத நாளிலும் சாவி அவரோடு போகும். நீ இப்போது உன் கடிதத்தில் கேட்டிருக்கிறாயே, அதே ஏற்பாடுதான்.

உன் தங்கை தங்கமணி மாட்டு வண்டியில் பிறந்தாள் என்ற கதை உனக்குத் தெரியும். அவள் சண்டை போடும்போதெல்லாம் "வண்டியில பொறந்தவ, குலுக்கம் போகல" என்று நீ கேலி செய்வாய். நாங்களும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டோம். நீ அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தாய், அதனால் உனக்குச் சிரிக்கிற பாதி மட்டும்தான் தெரியும். மீதியை இப்போது சொல்கிறேன். உனக்குச் சொல்ல வேண்டிய காலம் வந்திருக்கிறது.

அப்பா அன்று பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு பார்க்கப் போயிருந்தார். மாடு பிடித்தால் நடத்திக்கொண்டுதானே வர வேண்டும், எதற்குப் பெட்ரோல் என்று கேரள எல்லையில் நம் கோவிந்தாபுரத்தில் பஸ் ஏறிப் போனார். கார் கொட்டகையில் இருந்தது. எனக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது வலி வந்தது. வேலைக்கு வருகிற காளியம்மா என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். லாரி ஓட்டுகிற ஆறுச்சாமி லீவில் ஊருக்கு வந்திருந்தவன், அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தான். அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஏனுங்க்கா, கார் நிக்குதல்லங்க. சாவியக் குடுங்க, கொல்லங்கோட்டு ஆசுபத்திரியில கொண்டுபோய் உட்டர்றேன்" என்றான்.

"சாவி அவரு இடுப்புல கெடக்குது ஆறுச்சாமி. அவரு பொள்ளாச்சி போயிட்டாரு."

"ரெண்டு சாவியுமுங்களா?"

"ரெண்டும்."

அவன் கொட்டகைக்குப் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான். "கண்ணாடிய ஒடச்சுப்போட்டு, ஒயரு குடுத்துக் கெளப்பியர்றனுங்க. எனக்குத் தெரியுமுங்க. நீங்க சரின்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்" என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா கண்ணு. "வேண்டாம் சாமி. கண்ணாடிய ஒடச்சா அவரு சத்தம் போடுவாரு" என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அதைச் சொன்னேன். அப்போது எனக்கு அது சரியான பதிலாகத்தான் பட்டது. நம் வீடுகளில் பெண்கள் அப்படித்தான் யோசிக்கப் பழகியிருக்கிறோம். உயிர் போகிற வலியிலும், ஆண்பிள்ளை சாமான் மேல் கீறல் விழக் கூடாது.

ஆறுச்சாமியே மாட்டைப் பூட்டி வண்டியை ஓட்டினான். பாதி வழியில் பனைமரங்கள் வரிசையாக நிற்குமே, அங்கே தங்கமணி பிறந்தாள். குழந்தை கையகலம்தான் இருந்தது, ஆனால் நன்றாக அழுதது. அதற்குப் பிறகு எனக்கு ரத்தம் நிற்கவில்லை. காளியம்மா தன் சேலையைக் கிழித்துக் கிழித்து வைத்தாள். கொல்லங்கோடு போய்ச் சேர்ந்தபோது எனக்கு ஞாபகம் இல்லை. டாக்டரம்மா மலையாளத்தில் சொன்னதை எல்லாம் காளியம்மாதான் பிறகு சொன்னாள். இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் இவ்வளவு ரத்தம் போயிருக்காது, பிழைத்தால் அதிர்ஷ்டம் என்றார்களாம். பிழைத்தேன், ஆனால் இனிக் குழந்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உனக்கு ஏன் தம்பி இல்லை என்று பல தடவை கேட்டிருக்கிறாய்.

கண் விழித்தபோது உன் அப்பா கட்டில் பக்கத்தில் நின்றிருந்தார். தோளில் புது மாட்டுக்கு வாங்கிய கயிறு. இடுப்பில் அந்தச் சாவிக்கொத்து. "கண்ணாடிய ஒடச்சிருக்கலாமல்ல" என்றார். "ஒடச்சிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?" என்று கேட்டேன். அவர் யோசித்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. பொய்யாகவாவது, ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன் என்று உடனே சொல்லியிருக்கலாம். அவருக்குப் பொய் வராது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார் என்று காளியம்மா சொன்னாள், நான் பார்க்கவில்லை.

நான் வீட்டுக்கு வந்தபோது அடுக்களையில், அஞ்சறைப் பெட்டி வைக்கிற பலகைக்கு மேலே, ஒரு புது ஆணி அடித்து அதில் கார் சாவி இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தது. குதிருச் சாவி மட்டும் அவர் இடுப்பில் இருந்தது.  அன்றிலிருந்து நம் வீட்டுக் கார் சாவி தாளிப்பு எண்ணெய் பிசுக்கோடுதான் இருக்கும். ஏன் அடுக்களையில் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்திருப்பாய்.

உடம்பு தேறியதும் நான் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்றேன். "சரி" என்று ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டார். ஏரி வற்றிக் கிடந்த மாதங்களில் ஆறுச்சாமி லீவில் வரும்போதெல்லாம் ஏரிக்குள் ஓட்டிப் பழகினேன். ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. முதல் தடவை ரோட்டில் வலது பக்கம் திரும்பக் கையை வெளியே நீட்டினேன். எதிரே வந்த வண்டிக்காரர் வளையல் கையைப் பார்த்துவிட்டு, தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று வண்டியை நிறுத்தி இறங்கி, "என்னங்கம்மணி?" என்று கேட்டுக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டார். லைசென்ஸ் வாங்கப் பாலக்காட்டுக்கு அப்பாதான் கூட்டிப்போனார். டெஸ்டு முடிகிறவரை ஒரு மரத்தடியில் எனக்குப் பதிலாக அவருக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. அதையும் சொல்ல வேண்டுமல்லவா, இல்லாவிட்டால் அவரைப் பற்றிக் குறைதான் எழுதினேன் என்று ஆகிவிடும்.

சாவியைப் பொதுவில் மாட்டி வைத்தால் வம்பு வராதா என்று நீ கேட்பாய். வந்தது. தமிழ்நாட்டு அரிசியைச் செக்போஸ்டுக்குத் தப்பி நம் கேரளப் பக்கத்துக்குக் கொண்டுவருகிற காலம் அது. ஒருநாள் காலையில் கொட்டகைக்குப் போனால் கார் பானட்டு சூடாக இருக்கிறது. பின் சீட்டுக்கு அடியில் அரிசி சிந்திக் கிடக்கிறது. உன் பெரியப்பா மகன் ஒருவன், பெயர் வேண்டாம், அப்போதெல்லாம் அடுக்களை வரை வந்து காபி கேட்டு வாங்கிக் குடிப்பான். அவனைக் கூப்பிட்டேன்.

"ஏஞ்சாமி, காருக்குள்ள அரிசி எப்படி வந்துச்சு?"

"கோழிக்குப் போட்டிருப்பீங்க சித்தி."

"நான் காருக்குள்ளயா கோழி வளக்கறேன்?"

அதன் பிறகு அவன் கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வரவில்லை. அப்பாவுக்கு ஒரு சாக்குக் கிடைத்துவிட்டது. "பாத்தியா, ஆணியில தொங்குனா இப்படித்தான். மறுபடி நானே வெச்சுக்கறேன்" என்று சாவிக்குக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு நேராகப் பொள்ளாச்சிக்குப் போனேன். அங்கே எலக்ட்ரீசியனிடம் சொல்லி ஒரு கள்ள ஸ்விட்ச் வைத்துக்கொண்டு வந்தேன். சாவியைப் போட்டாலும் அந்த ஸ்விட்சைப் போடாவிட்டால் இன்ஜினுக்குக் கரண்ட் போகாது. ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. எடுக்க வந்தவன் பெட்ரோல் இல்லை என்று நினைத்துக்கொண்டு இறங்கிப் போய்விடுவான். அதன் பிறகு சாவி ஆணியிலேயே தொங்கியது, காரும் கொட்டகையிலேயே நின்றது. பூட்டு எல்லாம் திருடனுக்காக, கண்ணு. வீட்டு ஆட்களுக்காக இல்லை.

வசந்தாவுக்கு அம்மா இல்லை. அதனால் பிரசவத்துக்கு இங்கேதான் வருகிறாள், அதில் எனக்குச் சந்தோஷம். அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் லீவு கிடைத்ததும், ஒன்பதாம் மாதம் பிறந்ததும் நானே கூட்டிவருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். குழந்தை உன் கடிதத்தைப் படித்துவிட்டா வரும்? நீ காலையில் தோட்டத்துக்குள் போனால் பொழுது சாயத்தான் வருகிறாய். பாதி நாள் வண்டன்மேட்டில் ஏலக்காய் ஏலம் போடுகிற இடத்துக்குப் போய்விடுகிறாய். அவள் தனியாக இருக்கிற வீட்டு வாசலில் ஒரு கார் நிற்கும், அதன் சாவி உன் சட்டைப் பையில் ஏதோ ஒரு மலைச்சரிவில் இருக்கும். அந்த வரியைப் படித்தபோது எனக்கு அந்தப் பனைமர வரிசைதான் கண்ணில் வந்தது.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அந்தோணி லாரி ஓட்டுகிறவர், நிதானமான மனுஷன். காரை அங்கே அனுப்ப வேண்டும் என்று நீ கேட்பதற்கு முன்பே நினைத்திருந்தேன், அதனால் பொங்கலுக்கு நான் வந்திருந்தபோதே அவரிடம் பேசிவைத்தேன். "சாவி மட்டும் கைக்கு வந்தாப் போதும்மா. எந்நேரம்னாலும் கம்பத்து ஆசுபத்திரியில கொண்டுபோய்ச் சேத்துருவேன். அவுகளும் எனக்கு மக மாதிரிதானே" என்றார். அவர் வெளியே போயிருந்தால் அவர் தம்பி இருக்கிறான், அவனுக்கும் ஓட்டத் தெரியும். நீ கண்டவர்கள் என்று எழுதியிருப்பது இவர்களைத்தான்.

வளைகாப்புக்கு வந்தபோது வசந்தாவைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய் எல்லாம் காட்டிவிட்டேன். சோக், ஸ்டார்ட்டர், விளக்குக் குமிழ், முக்கோணக் கண்ணாடிக் கொக்கி, எல்லாம். கைநிறைய வளையலோடு ஏரிக்குள் ஒரு சுற்று ஓட்டியும் காட்டினாள். நல்ல கை, உன்னைப்போலக் கிளட்சை மிதித்துக்கொண்டே இருப்பதில்லை. மலையில் இந்த நிலைமையில் ஓட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், அது அவளுக்கே தெரியும். சாவி கைக்கு வராமல் போனால் கண்ணாடியை உடைக்கச் சொல்லு, யாரையும் கேட்காதே என்றும் சொல்லியிருக்கிறேன். அதைச் சொன்னபோது உன் அப்பா கொட்டகை வாசலில் நின்றிருந்தார். "கல்லு டிக்கிக்குப் பக்கத்துல கெடக்கும்மணி" என்று அவளிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஆக, நீ கேட்ட சாவி விஷயத்துக்கு இதுதான் பதில். ஒன்றை ரங்கசாமி உன் கையில் கொடுப்பான். இன்னொன்றுக்குக் காத்திருக்காதே, அது வளைகாப்பு முடிந்த அன்றே சக்குபள்ளம் போய்விட்டது. உங்கள் அடுக்களையில் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் ஒரு மாதமாகத் தொங்குகிறது. நீ பார்க்கவில்லை என்றால், நீ அடுக்களைப் பக்கம் போவதே இல்லை என்றுதான் அர்த்தம். அதையும் கொஞ்சம் மாற்றிக்கொள், அவளுக்கு இடுப்பு வலிக்கிறது என்று எழுதியிருந்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். வண்டி வந்ததும் முதலில் பிள்ளையார் கோயிலுக்கு அவளை உட்காரவைத்துக் கூட்டிப்போ. ஸ்டார்ட்டர் சுற்றி இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் பயந்துவிடாதே. கள்ள ஸ்விட்ச் ஸ்டியரிங்குக்கு அடியில்தானே என்று நீ கையை விட்டுத் தடவுவாய். அங்கே இல்லை. போன மாதம் சர்வீஸுக்கு விட்டபோது இடத்தை மாற்றச் சொல்லிவிட்டேன். ரங்கசாமியிடம் கேட்காதே, அவன் என் ஆள், சொல்ல மாட்டான். உன் பெண்டாட்டிக்குத் தெரியும். அடுக்களைக்குப் போய் அவளைக் கேள். ஒரு தடவை கேட்டால் போதும், அப்புறம் கேட்பது பழகிவிடும்.

உன் அம்மா